ஐந்து கேள்விக்குறிகள்

மில் அலுவலகத்தின் பின்னறையில் இருக்கிறது
கறுப்புக் குளிர்பெட்டி போல ஒன்று.
நான் வேலைக்குச் சேருமுன்பே சேர்ந்தது.
பச்சை நிறத்தில் மட்டும் பேசும்,
எல்லாமே பெரிய எழுத்தில், அதட்டுவது போல.
பெயருக்கு எட்டு எழுத்துதான் இடம்:
தனலெட்சுமி அதற்குத் தனலெட்.
கன்னியப்பனுக்கு அப்பன் பாதிதான்.

செம்பனைக் குலையின் எடை, லோரி நம்பர்,
சேமநிதி, சொக்சோ, முன்பணக் கழிவு,
இவ்வளவுதான் அதற்குத் தெரிந்த உலகம்.
போன வருஷம் கோலாலம்பூரிலிருந்து உத்தரவு:
சம்பளச் சீட்டு இனி அச்சாகாது.
மின்னஞ்சலில் போகும்.

மூன்று வாரம் அதனோடு மல்லுக்கட்டினேன்.
அஞ்சல் வெளியேறும் வாசல் அடைத்திருந்தது;
திறக்கச் சொல்லி தலைமையகத்துக்கு நாலு போன்.
பிறகு ஒரு ஏழாம் தேதி, ராத்திரி பதினொன்றரைக்கு,
முந்நூற்றுப் பன்னிரண்டு சீட்டும்
வரிசை பிசகாமல் கிளம்பிப் போயின.
வேலை இயல்பாக முடிந்தது என்றது திரை.
மனிதர் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

நாலாவது மாதம் ஒன்று திரும்பி வந்தது:
பெட்டி நிறைந்துவிட்டதாம்.
இன்னொன்று.
விடிவதற்குள் நூற்றுத்தொண்ணூறு.
பட்டியலைத் திறந்தேன்.
பாப்பாத்தி, ரபிகுல், சுமியாத்தி,
பழைய லயத்துக் கன்னியப்பன், புது லயத்துக் கன்னியப்பன்,
எல்லாருக்கும் ஒரே முகவரி.

பகாவ் பஸ் நிலையத்துக்கு எதிரே
கோழிச்சோற்றுக் கடைக்கும் அடகுக்கடைக்கும் நடுவில்
சவரிநாதன் கைப்பேசி பழுதுபார்க்கிறார்.
"அவங்களுக்கு ஏது ஈமெயிலு, கிராணியம்மா?
பாரத்துல கட்டம் காலியா இருந்தா திருப்பி அனுப்புறாங்க.
என்னோடதப் போட்டுக்குங்கன்னேன்."
எட்டாம் தேதி கடைக்கு வெளியே மோட்டார் சைக்கிள் நிற்கும்.
தாளுக்கு இருபது காசு.

யாருக்கு மூன்று நாள் பேர் விழவில்லை,
யார் சம்பளத்தில் கோர்ட்டு கைவைக்கிறது,
எல்லாம் அவர் கை வழியாகத்தான் போகிறது.
படிப்பீர்களா என்று கேட்டே விட்டேன்.
"சூடா வர்றப்பவே கவுத்து வச்சிருவேன்" என்றார்.
மேசையில் தாள்கள் முதுகு காட்டிக் கிடந்தன.

அறிக்கை எழுத வேண்டும்.
எழுதினால் நூற்றுத்தொண்ணூறு பேரும்
ஆளுக்கொரு கடவுச்சொல் வைத்து ஆளுக்கொருமுறை மறப்பார்கள்.
எழுதாவிட்டால் மறைத்தவள் நான்.
இரண்டு நாள் அதே வரியில்
சின்னப் பச்சைக் கட்டம் துடித்துக்கொண்டிருந்தது.
கோப்பின் அளவு பெரிது, அதனால் பெட்டி நிறைந்தது
என்று முடித்தேன்.
பொய்யில்லை. முழுசுமில்லை.

கம்பெனிச் சின்னத்தை எடுத்தேன், வண்ணக் கட்டங்களை எடுத்தேன்,
நிர்வாகியின் கையெழுத்துப் படத்தை எடுத்தேன்.
வெறும் எழுத்தும் எண்ணும் மிச்சம்.
ஒரு மாதச் சம்பளம்
அவ்வளவு ஒன்றும் கனமில்லை என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஓட்டுமுன் சோதனைக்கு ஓர் அஞ்சல் விடுவது முறை.
வழக்கமாய் எனக்கே விட்டுக்கொள்வேன்.
அத்தனை பேர் சம்பளம் வந்து விழும் பெட்டியில்
அவர் பெயருக்கு இதுவரை ஒன்றும் வந்ததில்லை.
அவருக்கு விட்டேன்.
சோதனை என்று தமிழில், ஏதோ நினைப்பில்.

இயந்திரம் தமிழ் அறியாது.
உயிருக்கு ஒன்று, மெய்க்கு ஒன்று,
காலுக்கும் கொம்புக்கும் தனியாக எண்ணி
?????
என்று கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறது.

பன்னிரண்டு தாண்டி பதில் வந்தது, அதே கண்ணாடி வழியாக:
??????
ஆறு.

பேனா எடுத்து, பழைய எடைச்சீட்டின் பின்பக்கம்
எழுதி எழுதி எண்ணிப் பார்த்தேன்.
வந்தது என்றாலும் ஆறு.
என்னது என்றாலும் ஆறு.

வரிசையில் நூற்றுத்தொண்ணூறும் காத்து நின்றன.
எண்டரைத் தட்டினேன்.